ஏழாவது பெயருக்கு எத்தனை மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழைப் பல வருடமாக வாங்கும் வீடு எங்களுடையது, ஆனால் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. சென்ற வாரம் ஒரு மருத்துவ ஆய்வாளரைப் பற்றி வந்திருந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். மருத்துவப் பரிசோதனைக்கூடத் துறையில் இத்தனை நூறு கட்டுரைகள், மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிக்காட்டிய மேற்கோள்கள் இத்தனை ஆயிரம், அதை வைத்துக் கணக்கிடும் எச் இண்டெக்ஸ் என்ற எண் இவ்வளவு, உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம், கூடவே பொன்னாடை போர்த்தும் படம். சின்னச் செய்திதான், அதற்குள் ஏழெட்டு எண்கள். அந்த மனிதர் எதைக் கண்டுபிடித்தார், எந்த டெஸ்டை எப்படி மாற்றினார் என்று ஒரு வரி இல்லை.

அவரை எனக்குத் தெரியாது. நல்ல வேலை செய்கிறவராகவே இருக்கலாம். செய்தியைப் படித்து அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் என் குறை.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரி லேபையும் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். 1980களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரத்தத்தில் பாஸ்பரஸ் பார்ப்பது முழுக்கக் கைவேலை. ரத்தம் உறைந்த பிறகு தெளிந்து நிற்கும் நீரான சீரத்தில் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் விட்டால் புரதம் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகி அடியில் இறங்கும். மேலே நிற்கும் தெளிவை எடுத்து அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து, அப்புறம் பழுப்பு பாட்டிலில் இருக்கும், நாங்கள் ‘ஆன்சா’ என்று கூப்பிடும் ரீஏஜென்டை, அதாவது சோதனைக் கரைசலை, விட வேண்டும். சில நிமிடத்தில் குழாயில் நீலம் ஏறும். பாஸ்பரஸ் கூடக்கூட நீலமும் அடர்த்தியாகும், அதைக் கலரிமீட்டரில் வைத்து அளந்து கணக்குப் போடுவோம். ஊசி போட்டு இழுக்கும்போது ரத்தச் செல்கள் உடைந்து சீரம் சிவந்திருந்தால், செல்லுக்குள் இருக்கிற பாஸ்பேட்டும் வெளியே வந்து அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். அதனால் சிவந்த சாம்பிளைத் திருப்பி அனுப்புவதும் வார்டிலிருந்து திட்டு வாங்குவதும் எங்களுக்கு வாடிக்கை.

இந்த முறைக்குப் பெயர் ஃபிஸ்கே-சுப்பாராவ். ஒருமுறை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவனிடம், முறையெல்லாம் சரியாகச் சொல்கிறாயே, இந்தச் சுப்பாராவ் யார் என்று கேட்டேன். ஃபிஸ்கே சப்பரோ, அமெரிக்கர் மேடம், ஒரே ஆள்தான் என்றான். தப்பு அவன்மேல் இல்லை, நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

யெல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார் என்பார்கள். படித்தது நம்முடைய சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேய அறுவைசிகிச்சைப் பேராசிரியருக்கு அவரைப் பிடிக்காமல் போய், எழுத்துத் தேர்வெல்லாம் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கைக்கு வந்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்சகாலம் பாடம் நடத்திவிட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பிழைப்புக்கு ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, ஹார்வர்டில் படிப்பு, அப்புறம் சைரஸ் ஃபிஸ்கேயின் ஆய்வுக்கூடம்.

அங்கிருந்துதான் 1925இல் ‘ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி’யில் அந்தப் பாஸ்பரஸ் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் இரண்டே பேர். உலகம் முழுக்க மருத்துவ லேப்களும் ஆய்வுக்கூடங்களும் அதைப் பின்பற்றின, பல ஆயிரம் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த கதை. அதே முறையைத் தசையிலிருந்து எடுத்த சாற்றில் செய்து பார்த்தபோது நீலம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, இழுத்துக்கொண்டே வந்தது. எங்களைப் போன்றவர்களாக இருந்தால் ரீஏஜென்ட் கெட்டுப்போச்சு என்று ஊற்றிவிட்டுப் புதுசு கலக்கியிருப்போம். அவர்கள் ஏன் தாமதம் என்று குடைந்தார்கள். பாஸ்பேட் எதனுடனோ தளர்வாக ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லப் பிரிந்து வருகிறது என்று புரிந்தது. 1927இல் பாஸ்போகிரியேட்டின் வெளிப்பட்டது அப்படித்தான். தசை சக்தியை எப்படிச் சேமிக்கிறது என்ற பாடத்தில் அது இன்றும் முக்கியப் பகுதி. இரண்டு வருடம் கழித்து, செல்களுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருள் வந்தது, ஜெர்மனியில் கார்ல் லோமனும் பாஸ்டனில் இவர்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் அப்போது மாணவராக இருந்து, பின்னாளில் 1988இல் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொன்னதன் சாரம் இது: சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களைப் பல வருடம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, காரணம் ஃபிஸ்கே பொறாமையால் அவற்றை வெளியே வரவிடவில்லை போலிருக்கிறது. வெளிவராத கட்டுரைக்கு மேற்கோள் எங்கிருந்து வரும்?

1940இல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையில் இருப்பது அதுதான். 1945இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அறிவிப்பில் பதினாறு பெயர்கள். கம்பெனிக்காரர்களை ஆங்கில அகர வரிசைப்படி அடுக்கியதில் முதல் பெயர் ஆங்கியர், சுப்பாராவ் ஏழாவது. மேற்கோள் காட்டுகிறவர்கள் ‘ஆங்கியரும் பிறரும்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் அமினாப்டெரினும் லெடர்லேயிலிருந்துதான் பாஸ்டனில் இருந்த சிட்னி ஃபார்பருக்குப் போனது. ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவாவது தணிந்தது. 1948இல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில், 53 வயதில் இறந்துபோனார்.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். 2015இல் இந்திய மருத்துவக் கவுன்சில், ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், அதிலும் முதல் அல்லது இரண்டாவது பெயராக இருந்தால்தான் கணக்கு என்று ஒரு விதி போட்டது. பிறகு அதைச் சில தடவை மாற்றினார்கள், அது வேறு விஷயம். அந்த விதிப்படி பார்த்தால் சுப்பாராவுக்கு 1925 கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு, ஏனென்றால் ஆளே இரண்டு பேர்தான். ஃபோலிக் அமிலத்துக்குப் பூஜ்யம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அதுவும் இல்லை. ஃபைலைப் பார்க்கிற குமாஸ்தா, சார் உங்களுக்கு இன்னும் பேப்பர் குறையுதே என்றிருப்பார்.

மேற்கோளை எண்ணும் வழக்கம் அவர் காலத்தில் கிடையாது. யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1955இல் யோசனை சொல்லி, 1964இல்தான் ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ வந்தது. ஒரு பழைய கட்டுரையைப் பிறகு யார் யார் பயன்படுத்தினார்கள் என்று தேடிப் பிடிக்க உதவும் அட்டவணை, அவ்வளவுதான். எச் இண்டெக்ஸ் 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் சொன்னது. ஒருவருக்கு எச் 20 என்றால், குறைந்தது 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 20 இருக்கின்றன என்று பொருள். அந்த 20இல் எதை அவர் எழுதினார், எதில் சும்மா பெயர் சேர்ந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

அந்த 2 சதவீதப் பட்டியலையும் நம் பத்திரிகைகள் வருடா வருடம் ஏதோ விருது மாதிரி போடுகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் யாரையும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை ஐயா. அங்கே பேராசிரியராக இருக்கும் ஜான் அயோனிடிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் ஸ்கோபஸ் தரவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்கிட்டு வெளியிடும் பெரிய எக்செல் கோப்பு அது. யாரும் கட்டுரைகளைப் படித்துப் பார்ப்பதில்லை. அதே கோப்பில், தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியது எத்தனை சதவீதம் என்று ஒரு பத்தி இருக்கிறது. சமீபத்திய பதிப்புகளில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் எத்தனை என்றும் இருக்கிறது. உங்கள் நிருபர் அந்த இரண்டு பத்திகளையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம். இதே அயோனிடிஸ்தான் 2018இல் ‘நேச்சர்’ இதழில், ஒரே வருடத்தில் 72 கட்டுரைக்கு மேல் வெளியிடுகிறவர்கள் யார் யார் என்று தேடி எழுதினார். ஐந்து நாளைக்கு ஒரு கட்டுரை! எனக்கு ஐந்து நாளில், ஒரு ரீஏஜென்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல் சோதனை கூட ஒழுங்காக உட்காராது.

மேற்கோள் அதிகம் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை, அதுவும் தப்பு. எங்கள் துறையில் மேற்கோள் எண்ணிக்கைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. உலகத்திலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரை ஐன்ஸ்டைனுடையதோ டி.என்.ஏ. அமைப்பைச் சொன்னதோ இல்லை. 1951இல் ஆலிவர் லௌரி குழுவினர் புரதத்தை அளக்கச் சொன்ன முறை, மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். இதுவும் நீல நிறம்தான், சொல்லப்போனால். புரதம் அளந்தேன் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் அவரைச் சொல்லியாக வேண்டும், அதனால் ஏறிய எண்ணிக்கை. அதைத் தன் பெரிய சாதனை என்று லௌரியே நினைக்கவில்லை. ஆக, முறை சொன்னவருக்கு எண்ணிக்கை வானத்துக்குப் போகும், நோயின் மூலத்தைப் புரிந்துகொண்டவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட வராமல் போகலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரு முறை ரொம்பப் பழகிப்போனால், அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் அதை மேற்கோள் காட்டுவதே இல்லை. உங்கள் வீட்டில் யாராவது ரத்தக் கொழுப்புக்கான லிப்பிட் புரொஃபைல் டெஸ்ட் எடுத்திருந்தால் அதில் எல்.டி.எல். என்று, ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்கிறார்களே, அதற்கு ஒரு எண் இருக்கும். சாதாரண லேப்களில் பெரும்பாலும் அதை அளப்பதில்லை, மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்னும் எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 1972இல் ஃப்ரீடவால்டு, லெவி, ஃபிரெட்ரிக்சன் மூன்று பேர் 448 பேரின் ரத்தத்தை வைத்துச் சொன்ன சூத்திரம் அது. டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் இதைப் பயன்படுத்தாதே என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சூத்திரத்தை எடுத்துக்கொண்ட லேப்கள் பலவும் அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை, 600 இருக்கிற ரிப்போர்ட்டிலும் கூசாமல் ஒரு எல்.டி.எல். அச்சடித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மேற்கோள் காட்டுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் அவ்வளவு தூரம்.

லேப் டெக்னீஷியன் இந்தப் பெயர்களைப் பார்ப்பது ஒரே இடத்தில்தான். ரீஏஜென்ட் கிட் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதத்தின் கடைசியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் நாலைந்து வரி. குளுக்கோஸ் கிட் என்றால் டிரிண்டர், 1969. இங்கிலாந்தில் சண்டர்லேண்ட் என்ற ஊரின் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவர். கிரியேட்டினின் என்றால் ஜாஃபே, 1886. அவர் பிக்ரிக் அமிலத்தோடு வரும் நிறத்தைப் பார்த்துச் சொன்னதோடு சரி, அதை அளவிடும் முறையாக்கியவர் ஓட்டோ ஃபோலின், ஆனாலும் பெயர் ஜாஃபேக்குத்தான். அந்தக் காகிதத்தில் வரும் மேற்கோளை எந்த இண்டெக்ஸும் எண்ணுவதில்லை. எங்கள் லேபில் அதை மேசை ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தோம், நானும் உடந்தை.

எண்ணிக்கையும் தகுதியும் ஒன்றாகப் பொருந்திய வேலையும் உண்டு. இத்தாலியில் பதுவா நகரில் மாரியோ பிளெபானியும் பாவ்லோ கர்ராரோவும் 1997இல் எழுதியது. அவசர லேபில் மூன்று மாதம், நாலு வார்டுகளிலிருந்து வந்த 40,490 டெஸ்டுகளைப் பின்தொடர்ந்து, 189 தவறுகளைக் கண்டுபிடித்தார்கள். அதில் 68.2 சதவீதம் சாம்பிள் மெஷினுக்குள் போகும் முன்பே நடந்தவை: ஆள் மாறியது, குழாய் மாறியது, டிரிப்ஸ் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தது. அதுவரை எல்லோரும் மெஷினையே துடைத்துக்கொண்டிருந்தோம். பத்து வருடம் கழித்து அதே லேபில் மறுபடி செய்து பார்த்தார்கள், 51,746 டெஸ்டில் 160 தவறுகள். தன் வீட்டுக் குப்பையைத் தானே எண்ணி, பத்து வருடம் கழித்து மறுபடியும் எண்ணி ஊருக்குச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். அந்த மேற்கோள்களைப் பற்றி எனக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யோக்கியம் பேசுகிற மாதிரி இருக்கும். பதவி உயர்வு சமயத்தில் கட்டுரை குறைகிறது என்றார்கள். அவசரமாக ஒன்று எழுதினேன். சர்க்கரை நோயாளிகள் 50 பேர், நோயில்லாதவர்கள் 50 பேர், சீரத்தில் மெக்னீசியம், ஒரு டேபிள், வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க ஒரு பி வேல்யூ. இட்லித் தட்டு மாதிரி அது, மாவை மட்டும் மாற்றினால் போதும். மெக்னீசியத்துக்குப் பதில் துத்தநாகம், துத்தநாகத்துக்குப் பதில் யூரிக் அமிலம். அதற்கு இதுவரை நாலு மேற்கோள் வந்திருக்கிறது, அதில் இரண்டு நானே போட்டது. ஒரு குழாயைக் கூடத் தொடாத துறைத் தலைவர் பெயர் அதில் இரண்டாவதாக இருந்தது, அப்போது அதுதான் மரியாதை. மூன்று வாரம் சாயங்காலங்களில் கூடுதலாக உட்கார்ந்து அந்த நூறு சாம்பிளையும் ஓட்டிய டெக்னீஷியன் அண்ணனைக் கடைசியில் நன்றி என்ற வரியில் போட்டேன். அதுவும் ‘லேப் ஊழியர்கள்’ என்று, பெயர் கூட இல்லாமல். ஃபிஸ்கேயைக் குறை சொல்லும்போதெல்லாம் அது ஞாபகம் வந்து தொலைக்கிறது.

அந்த அண்ணன்தான் வேலூர் பாட்டிலையும் கையாள்வார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பயோகெமிஸ்ட்ரி துறை, இந்தியா முழுக்க உள்ள லேப்களுக்கு வெளித் தரக்கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்று நடத்துகிறது. உலர்த்திய சீரம் சின்னப் பாட்டிலில் வரும். காய்ச்சி வடித்த நீரை அளந்து விட்டு, நுரை வராமல் மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, நோயாளி சாம்பிள் போலவே ஓட்டி, கிடைத்த எண்ணை அனுப்ப வேண்டும். மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று பதில் வரும். ஒருமுறை எங்கள் கால்சியம் எகிறியிருந்தது. நானும் அவரும் கலக்கும் தண்ணீர், பிப்பெட், ஃபில்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் கண்ணாடிக் குழாய் கழுவும் தண்ணீரில் போய் நின்றோம். போர்வெல் தண்ணீர், கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யாமல் விட்டிருந்தார்கள். அந்த மாதம் எத்தனை பேருக்குக் கால்சியத்தைத் தப்பாகச் சொன்னோமோ. இந்த வேலைக்கு ஒரு மேற்கோளும் கிடையாது. வேலூரில் உட்கார்ந்து மாதா மாதம் அந்த எண்களை ஒப்பிட்டு அனுப்புகிறவர்களுக்கும் அதற்கென்று எச் இண்டெக்ஸ் ஏறப்போவதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்த ஆய்வாளரை உங்கள் நிருபர் மறுபடி சந்தித்தால், எண்களை விட்டுவிட்டு, இத்தனை கட்டுரையில் உங்களுக்கே பிடித்தது எது, அதற்குப் பிறகு எந்த லேபில் என்ன மாறியது, அதில் குழாயைப் பிடித்தவர் யார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தச் செய்தி வருகிற அன்று நான் இரண்டு பிரதி வாங்கிக்கொள்கிறேன். ஒன்று அந்த அண்ணனுக்கு. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பயோகெமிஸ்ட்ரி ஆசிரியை,
திருச்சி